தோற்கிற வரைக்கும் தலைவி

ஆரணி
8-2-1999

தம்பி தென்னரசுக்கு,

உங்க அம்பத்தூர் அட்ரஸை உங்க தங்கச்சி பாஞ்சாலைகிட்டதான் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுல உங்க ஊர் தேவிகாபுரம் வண்டி ஏறிக்கினு இருந்தா. "அண்ணன் ஏதோ லேத் கம்பெனியில சேர்ந்துட்டாரு, இனிமே சங்கம் கிங்கம்னு வரமாட்டாராம்"னு சொல்லிட்டு ஏறிட்டா. பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல டைரக்டரா இருக்கிற ஒருத்தர் ஊரை விட்டே போயிட்டாரு, அதை அந்தச் சங்கத்துத் தலைவி பஸ் ஸ்டாண்டுல நின்னு தெரிஞ்சிக்கணுமா? நல்லா இருக்கு.

ஜனவரி முப்பதாம் தேதி கூட்டத்துல பாதியில எழுந்து போனீங்க. வாசல்ல நின்னு, "என் ஆதரவு உங்களுக்கு உண்டு, ஆனா இங்க உட்காரமாட்டேன்"னீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வாரமா யோசிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் போனதும் ஜெகநாதன் அண்ணன் டீயை உறிஞ்சிக்கினே, "மைனாரிட்டி தலைவி, அடுத்த அயிட்டத்தைப் படிங்க"ன்னாரு. அவர் ஆளுங்க சிரிச்சாங்க. கிளார்க் பழனி கூட மினிட் புஸ்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கினு சிரிச்சான்.

உங்களுக்குத் தெரியாத கணக்கில்ல, இருந்தாலும் எழுதறேன். பதினோரு டைரக்டர்ல என் பக்கம் என்னையும் சேர்த்து அஞ்சு. ஜெகநாதன் பக்கம் அஞ்சு. பதினொண்ணாவது ஆள் நீங்க. நீங்க வந்து உட்கார்ந்தா நான் தலைவி. வரலைன்னா, கிராமத்துத் தறிக்கு வெளிச்சம் போடற சாதாரணத் தீர்மானம் கூட அஞ்சுக்கு அஞ்சு நிக்குது.

இருபத்தாறாம் தேதி கூட்டம் இருக்கு, வாங்க. வராட்டி லீவு லெட்டராவது போடுங்க. தொடர்ந்து மூணு கூட்டம் வராதவங்களுக்குச் சீட்டு போயிடும்னு பைலாவுல இருக்கு. போன்ல பேசலாம்னா, சங்கத்து போனை எடுத்தாலே பழனிக்குக் காது நீளுது. அதனால கடுதாசியே போடுங்க.

ஹேமலதா


அம்பத்தூர்
16-2-1999

தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விடுப்புக் கடிதம் இத்துடன் உள்ளது. தங்கள் நாற்காலிக்கு ஆபத்து வராது. நிம்மதியாக இருங்கள்.

நான் ஏன் எழுந்து போனேன் என்று ஒரு வாரம் யோசித்தீர்களாம். ஒரு வாரம் எதற்கு? அன்றைய அஜெண்டாவில் ஒன்பதாவது அயிட்டம் என்ன? "புதிய உறுப்பினர் சேர்க்கை." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நேரமாச்சு, அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்." 1997 ஆகஸ்ட் மாதத்திலிருந்து அந்த அயிட்டம் அடுத்த கூட்டத்தில்தான் இருக்கிறது.

நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள். நானே ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து எழுதி வாங்கியவை. எல்லாரும் நெய்கிறவர்கள், யாருக்கும் சொந்தத் தறி கிடையாது. பரம்பரை நெசவுக் குடும்பமும் இல்லை. களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், உங்கள் தெருக்காரர்களின் ஷெட்டில் கூலிக்கு உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டார்கள். சங்கத்தில் சேர்ந்தால் பாவு நூலும் ஜரிகையும் சங்கமே கொடுக்கும். சொந்தக் கூரையின் கீழ் தறி போட்டுக்கொள்வார்கள். தேர்தலில் ஓட்டுப் போடுவார்கள். அவ்வளவுதான் கேட்கிறார்கள். பாஞ்சாலையின் விண்ணப்பம் ஏழாவது.

1996இல் தலைவர் பதவிக்கு நீங்களும் ஜெகநாதனும் ஐந்துக்கு ஐந்து என்று நின்றபோது இரண்டு பேருமே என்னைத் தேடி வந்தீர்கள். அவர் துணைத் தலைவர் பதவி தருகிறேன் என்றார். நீங்கள் "உங்க ஜனங்களைச் சேர்க்கிறேன் தம்பி" என்றீர்கள். நான் பதவி கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கை தூக்கினேன். தூக்கிய கை இரண்டரை வருடமாக வலிக்கிறது.

தென்னரசு


ஆரணி
3-3-1999

தம்பிக்கு,

ரொம்ப அழகாத்தான் எழுதறீங்க. அங்க உட்கார்ந்துகினு எழுத எவ்வளவோ வரும். இங்க இந்த நாற்காலியில ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க.

இருபத்தாறாம் தேதி கூட்டத்துல எல்லாமே அஞ்சுக்கு அஞ்சு. சாயப் பட்டறைக்குத் தண்ணித் தொட்டி கட்டறது கூட நிறைவேறல. தண்ணித் தொட்டிக்கு என்னங்க கட்சி?

உறுப்பினர் சேர்க்கை விஷயத்துல நான் சும்மா காலம் கடத்தறேன்னு நினைக்கிறீங்க. சுப்பராயலு அண்ணனை நினைச்சுப் பாருங்க. என் பக்கத்து அஞ்சு பேர்ல அவர் ஒருத்தர். அவர் ஷெட்டுல பதினாலு தறி. உங்க தங்கச்சி உட்பட உங்க ஆளுங்கதான் அதுல உட்கார்ந்திருக்காங்க. அவங்களைச் சங்கத்துல சேர்த்து வீட்டுக்கு வீடு தறி குடுத்தா அவர் ஷெட்டுல யாரு நெய்வாங்க? "அந்த அயிட்டம் எப்ப ஓட்டுக்கு வருதோ அப்ப நான் ஜெகநாதன் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அப்புறம் நீங்க வந்தும் நான் அஞ்சு, அவங்க ஆறு. தீர்மானமும் தோத்துடும், நானும் இறங்கிடுவேன். ஜெகநாதன் வந்தா அந்த விண்ணப்பங்களை அடுப்புக்குத்தான் போடுவாரு. நான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது பீரோவுலயாவது இருக்குது இல்ல?

இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மெஜாரிட்டி இல்லாத ஒரு தலைவி நாற்பத்திரண்டு பேரைப் புதுசாச் சேர்த்தா ஊர் என்ன சொல்லும்? "தனக்கு ஓட்டு போடறதுக்கு ஆளைத் தானே தயார் பண்றா"ன்னு சொல்லும். சொன்னா தப்பா? பாதிப் பேருக்கு என் மேல நம்பிக்கை இல்லாதப்போ, ஓட்டர் லிஸ்டையே மாத்தற வேலையை நான் செய்யலாமா? இது எனக்கு நெஜமாவே உறுத்துது. சாக்கு இல்ல.

என் வீட்டுக்காரர், "பேசாம ரிசைன் பண்ணிட்டு வீட்டுல பாவு ஓட்டு"ங்கறாரு. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்களா?

ஹேமலதா


அம்பத்தூர்
12-3-1999

தலைவர் அவர்களுக்கு,

மெஜாரிட்டி இல்லாதவர் பெரிய காரியம் எதுவும் செய்யக்கூடாது என்கிறீர்கள். சரி. சும்மா இருப்பதற்கு மட்டும் உங்களுக்கு மெஜாரிட்டி இருக்கிறதா? இரண்டரை வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தீர்களே, அதற்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

இதை எழுத ஆரம்பித்தபோது வேறு மாதிரி முடிப்பதாக இருந்தேன். உங்களுக்கு உறுத்துகிறது என்ற இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் இளகித்தான் போனேன். அதற்குள் ஊரிலிருந்து தருமன் மாமா வந்தார்.

பாஞ்சாலையைச் சுப்பராயலு தறியிலிருந்து இறக்கிவிட்டார். மாசி மாதக் கல்யாண ஆர்டர் பாதி நெய்திருந்த சேலை. "நீதான் சங்கத்துல மெம்பர் ஆகப் போறியே, இங்க எதுக்கு?" என்று கேட்டாராம். அவளுடன் இன்னும் மூன்று பேர். நான்கு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினாராம்.

விண்ணப்பம் போட்டது யார் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. போட்டவர்களும் சொல்லவில்லை. அந்தக் காகிதங்கள் இருந்த பீரோவின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் அதுவே பதில்தான்.

தென்னரசு


ஆரணி
21-4-1999

தம்பிக்கு,

ஒரு மாசத்துக்கு மேலாச்சு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

லிஸ்டை நான்தான் காட்டினேன்.

பொங்கலுக்கு முன்னாடி சுப்பராயலு அண்ணன் வீட்டுக்கு வந்து கத்தினாரு. என் ஷெட்டையே காலி பண்ணப் பார்க்கிறியான்னு. அவரைச் சமாதானம் பண்ணணும், வேற ஒண்ணும் எனக்குத் தோணல. "உங்க ஷெட்டுல நாலே பேருதாண்ணா, நீங்களே பாருங்க"ன்னு எடுத்துக் காட்டிட்டேன். அவர் கண்ணாடி போட்டுக்கினு நிதானமாப் படிச்சாரு. அப்பக்கூட எனக்கு உறைக்கல. உங்க கடுதாசி வந்தப்புறம் சுப்பராயலு வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "என் தறி, என் இஷ்டம்"னுட்டாரு. பாஞ்சாலை வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தா, நான்னு பார்த்துட்டு மறுபடியும் சாத்திட்டா. அதுக்கு மேல என்ன கேக்கறது?

இப்ப இங்க நடக்கறதைச் சொல்றேன். போன சனிக்கிழமை டெல்லியில ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல ஆட்சி கவிழ்ந்தது இல்ல, அன்னைக்கு டிவி பார்த்த ஆளுங்க எல்லாம் தெருவுல என்னையே பார்த்துக்கினு போனாங்க. திங்கட்கிழமை காலையில ஜெகநாதன் அண்ணன் கைத்தறித் துறை ஆபீசுல என் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் குடுத்துட்டாரு. கீழே ஆறு கையெழுத்து. ஆறாவது சுப்பராயலு. அவருக்குப் பயந்து ரெண்டு வருஷமா உங்களையெல்லாம் காக்க வெச்சேன். அவர் அந்தக் கையெழுத்தைப் போடறதுக்கு ரெண்டு நிமிஷம் கூட யோசிக்கலையாம்.

மே பதினாலு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு ஓட்டெடுப்பு. ஆபீசர் வந்து நடத்துவாரு. நான் தோக்கப் போறேன். அதுல சந்தேகமே இல்ல.

அதனால அன்னைக்கே காலையில பத்தரைக்கு நான் சாதாரணக் கூட்டம் ஒண்ணு போட்டிருக்கேன். ஒரே அயிட்டம், உறுப்பினர் சேர்க்கை. ஜெகநாதன் ஆபீசுக்கு ஓடினாரு. நோட்டீஸ் குடுத்தப்புறம் இவ எப்படிக் கூட்டம் போடலாம், யோக்கியதை இருக்கான்னு. ஆபீசர் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிட்டு, "தோக்கற வரைக்கும் அவங்கதான் சார் தலைவி"ன்னாராம். சட்டம் அப்படிச் சொல்லுது. மனசு சொல்லுதான்னு கேட்டா எனக்குத் தெரியல. ஆனா அது உங்க நாற்பத்திரண்டு பேரோட மெஜாரிட்டிப் பிரச்சினை இல்ல, என்னோடது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கினு இத்தனை நாள் ஓட்டிட்டேன்.

இதுவும் தோத்துடும். இருந்தாலும் எல்லாரும் கையைத் தூக்கித் தோக்கடிக்கட்டும், யார் கைன்னு மினிட்ல இருக்கட்டும்.

வாங்க. எனக்காக வேணாம்.

ஹேமலதா


அம்பத்தூர்
30-4-1999

அக்காவுக்கு,

வருகிறேன். ஒரு நாள் லீவுக்கு சூபர்வைசர் காலைப் பிடிக்காத குறை. உங்களுக்காக இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

லிஸ்ட் விஷயத்தை ஒப்புக்கொண்டீர்கள். மறுத்திருந்தால் இந்தக் கடிதமே போட்டிருக்கமாட்டேன். அதற்காக மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பாஞ்சாலை இப்போது நெல் மில்லில் உமி அள்ளுகிறாள். ஜரிகை பிடித்த கை.

தென்னரசு


ஆரணி
17-5-1999

தம்பிக்கு,

ஏன் போனீங்க?

காலையில கூட்டம் முடிஞ்சதும் கேட்டுக்கு வெளிய டீக்கடையில நின்னுகினு இருந்தீங்க, நான் பார்த்தேன். மூணு மணிக்கு ஆபீசர் வந்து பேரைப் படிக்கிறாரு. "தென்னரசு... தென்னரசு..." மூணு தடவை கூப்பிட்டாரு. பழனி எழுந்து, "அவரு ஒரு மணி மெட்ராஸ் பஸ்ஸைப் புடிச்சிட்டாருங்க"ன்னான். அந்த ரூம்ல அப்ப என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்கே பார்க்கணும் போல இருந்தது.

எனக்கு நாலு, எதிரா ஆறு. நீங்க இருந்திருந்தா அஞ்சுக்கு ஆறு. அப்பவும் தோல்விதான், தெரியும். ஆனா நாலுங்கறது வேற, அஞ்சுங்கறது வேற. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டரை வருஷம் உங்க ஒத்தை ஓட்டுலதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது அது பக்கத்துல இருந்திருக்கலாம்.

சரி, அதை விடுங்க. காலையில நடந்ததை நீங்களும் பார்த்தீங்க. எனக்கு இன்னும் நம்ப முடியல. தீர்மானத்துக்கு ஆதரவா என் பக்கம் நாலு கை, உங்க கையோட அஞ்சு. அவ்வளவுதான், தோத்தாச்சுன்னு நான் பேனாவை மூடப் போனேன். அப்ப ஜெகநாதன் பக்கத்துல உட்கார்ந்திருந்த அபிதகுசாம்பாள் அம்மா கையைத் தூக்கினாங்க. மூணு வருஷமா கூட்டத்துல வாயே திறக்காதவங்க. ஜெகநாதன் குனிஞ்சு, "அம்மா, இது எதிர்க்கிறவங்க தூக்கறது இல்ல, ஆதரிக்கிறவங்க தூக்கறது"ன்னாரு. அந்தம்மா, "தெரியுதுங்க"ன்னாங்க. கை இறங்கல. ஆறுக்கு அஞ்சு. நாற்பத்திரண்டு பேரும் உள்ள.

மத்தியானம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கு எதிராவும் அதே அம்மா கையைத் தூக்கினாங்க, அதே மாதிரி நேரா.

எல்லாம் முடிஞ்சு படியில இறங்கும்போது அவங்களைப் பிடிச்சேன். "என்னம்மா இது, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?"ன்னேன்.

"காலையில அந்தப் பொண்ணுங்க விஷயம்மா. எங்க தறியில நெய்யறதும் தேவிகாபுரத்துப் பொண்ணுதான், எத்தனை நாளைக்கு அது கூலிக்கே உட்கார்ந்திருக்கும்? சாயங்காலம் உன் விஷயம். உன்னை எனக்குப் புடிக்கல, என்ன பண்ணச் சொல்றே?"

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்குமே!"ன்னேன்.

"நீ கேக்கவே இல்லியேம்மா"ன்னுட்டு செருப்பைப் போட்டுக்கினு போயிட்டாங்க.

தம்பி, அதுக்கு மெஜாரிட்டி இருந்திருக்கு. எனக்குத்தான் இல்ல. நான் யாரு என் ஆளு, யாரு அவன் ஆளுன்னு எண்ணிக்கினே இருந்தேனே தவிர, அந்தப் பக்கத்து அஞ்சு பேர்ல ஒருத்தர்கிட்ட கூட, "இதுல உங்க அபிப்பிராயம் என்ன?"ன்னு ஒரு வார்த்தை கேட்கல. என் மேல எனக்கே வர்ற ஆத்திரத்தை எங்க கொண்டு போய்க் கொட்டறதுன்னு தெரியல. பாவு ஓட்ட உட்கார்ந்தா இழை இழையா அறுக்கறேன்.

நீங்க ஏன் போனீங்கன்னு மட்டும் எழுதுங்க.

ஹேமலதா


அம்பத்தூர்
26-5-1999

அக்காவுக்கு,

ஷிஃப்ட் இருந்தது என்று எழுதலாம். இல்லை. முழு நாள் லீவு.

டீக்கடையில் நின்றபோது பாஞ்சாலை வந்தாள். மில்லிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள், தலையெல்லாம் உமித்தூசி. சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. "மத்தியானம் அந்தம்மாவுக்குக் கை தூக்குவியா?" என்று கேட்டாள். என் பேரைக் கொடுத்தவளுக்கா என்று அவள் கேட்கவில்லை. கண் கேட்டது.

தூக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்ததை, தாமதமாகவாவது, தோற்பது தெரிந்தே செய்தீர்கள். தூக்குவேன் என்றும் சொல்ல முடியவில்லை. அவள் எதிரே நின்றுகொண்டிருக்கிறாள். மெட்ராஸ் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். செய்யாறு தாண்டும்போது மணி இரண்டு. இறங்கித் திரும்பினால் மூன்றுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இறங்கவில்லை.

உங்களை வருடக்கணக்கில் பயந்தவர் என்று திட்டினேன். நான் பயந்தது ஒரு மத்தியானம்தான். ஆனாலும் அது பயம்தான்.

அபிதகுசாம்பாள் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு லேத் மெஷின் பக்கத்தில் தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நானும்தான் அவரைக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தவன், அவர் வீட்டுக்கு ஒரு முறை போயிருக்கலாம்.

ஜெகநாதன் சும்மா விடுவாரா?

தென்னரசு


ஆரணி
2-9-1999

தம்பி தென்னரசுக்கு,

சும்மா விடல. தலைவர் ஆன மறுநாளே மேல எழுதிப் போட்டாரு. நம்பிக்கை இழந்த தலைவி போட்ட கூட்டம், அதனால சேர்க்கை செல்லாதுன்னு. ஜூலை கடைசியில பதில் வந்தது. சேர்த்தது தலைவி இல்ல, டைரக்டர் குழு, அதுல ஆறு பேர் சம்மதிச்சிருக்காங்க, தலைவி அப்புறம் ஜெயிச்சாங்களா தோத்தாங்களாங்கறது இதுக்குச் சம்பந்தமில்லன்னு. ரெண்டே பாரா. எனக்கு ரெண்டரை வருஷம் புரியாதது ரெண்டே பாரா.

ஜெகநாதன் பாடு இப்ப என் பாடுதான். சுப்பராயலு இல்லன்னா அவருக்கும் அஞ்சுதான். அவர் "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்"னு சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருது, அப்புறம் வெட்கமா இருக்குது.

ஆகஸ்ட் முழுக்க நாற்பத்திரண்டு பேரும் வந்து ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டாங்க. இருபத்தொன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை மகாசபை. அதுக்காகத்தான் எழுதறேன். வேற யாராவது சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்.

கல்யாண மண்டபத்துல முந்நூறு பேர் இருக்கும். ஜெகநாதன் மேடையில. நான் முதல் வரிசையில. "உறுப்பினர்கள் யாராவது பேசலாம்"னாங்க. பின்னாடி வரிசையிலேர்ந்து பாஞ்சாலை எழுந்தா. மண்டபம் முழுக்கத் திரும்பிச்சு. அவ ஜெகநாதனைப் பார்க்கல. என்னைப் பார்த்துத்தான் கேட்டா.

"எங்க பேரை எழுதின காகிதத்தை அவருகிட்ட எதுக்குங்க காட்டினீங்க? எனக்குத் தறி போச்சு. நாலு மாசம் உமி அள்ளினேன். ஏன்னு தெரிஞ்சிக்கணும்."

என் தெரு ஜனம் மொத்தமும் அங்க இருந்தது. என் வீட்டுக்காரர், என் மாமியார், எல்லாரும். சுப்பராயலு நாலு சீட் தள்ளி உட்கார்ந்துகினு கூரையைப் பார்த்துக்கினு இருந்தாரு. ஜெகநாதன், "அது முடிஞ்சு போன விஷயம்"னு ஆரம்பிச்சாரு. என்னைக் காப்பாத்த இல்ல, சுப்பராயலைக் காப்பாத்த. நான் எழுந்தேன்.

நல்லா சொல்லணும்னு நினைச்சேன் தம்பி. சூழ்நிலை, நிர்வாகம், எண்ணிக்கைன்னு ஆயிரம் வார்த்தை எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுதினதெல்லாம் அதுதானே. ஆனா அந்தப் பொண்ணு நின்னுக்கினே இருந்தா. வாயில வேற ஒண்ணும் வரல.

"பயந்துட்டேம்மா. அவர் போயிட்டா என் நாற்காலி போயிடும்னு பயந்தேன். அதுக்காகக் காட்டிட்டேன். அது தப்பு"ன்னேன்.

பாஞ்சாலை யோசிச்சா. மன்னிச்சேன்னும் சொல்லல, திட்டவும் இல்ல. பழனி பக்கம் திரும்பி,

"இதை மினிட்ல எழுதிக்கோங்க"ன்னா.

பழனி ஜெகநாதனைப் பார்த்தான். ஜெகநாதன் சுப்பராயலைப் பார்த்தாரு. "எழுதணுமா?"ன்னான் பழனி.

"மெம்பர் கேக்கறேன். எழுதுங்க"ன்னா.

எழுதினான். நானே பக்கத்துல நின்னு எழுத்துப் பிழை இல்லாம எழுதறானான்னு பார்த்தேன்.

ஹேமலதா